காப்புக்கட்டு வெடி

சுரேந்திரன் கடையில் எல்லாச் சாமானும் கிடைக்கும், அபிப்பிராயம் மட்டும் கிடைக்காது என்று சந்தியில் கேலி பேசுவார்கள். மாசிக் கருவாடு உண்டு, மண்வெட்டிப் பிடி உண்டு, றப்பர் பால் வெட்டுகிற கத்தி உண்டு, பட்டாசும் உண்டு. ஆனால் தேர்தலில் யார் வெல்வார் என்று யாராவது வாயைக் கிளறினால், மனிதர் பருப்பு மூட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு, "அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" என்று கேட்பார். கேட்டவர் சிரித்துவிட்டுப் பருப்போடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அது அவருடைய சுபாவம் இல்லை. அப்பா போட்ட சட்டம். எண்பத்து மூன்று கலவரத்தில், சுரேந்திரன் பாலர் வகுப்புப் பையனாக இருந்தபோது, இதே இடத்தில் இருந்த அப்பாவின் கடையைக் கொளுத்திவிட்டார்கள். குடும்பம் பின்பக்கத்து றப்பர் மலைக்குள் ஓடி மழையில் பதுங்கிக் கிடந்தது. பையன் அழுதுவிடக் கூடாதென்று அம்மா அவன் வாயைப் பொத்திக்கொண்டே இருந்தாள். சமையலில் இருந்து அப்படியே ஓடி வந்த கை. வெங்காய வாசம் அடித்தது. சுரேந்திரனுக்கு இன்றைக்கும் பயம் வந்தால் முதலில் அந்த வாசம்தான் வரும்.

அப்பா திரும்பி வந்து அதே இடத்தில் கடை கட்டினார். கூடவே இரண்டு சட்டமும் கட்டினார். தேர்தல், மதம், கிரிக்கெட் பற்றி வெளி ஆட்கள் முன்னால் வாய் திறக்கக் கூடாது. இலங்கை வென்றால் சந்தியில் வெடிக்கிற முதல் வெடி நம் கடை வெடியாக இருக்க வேண்டும். "சந்தோசமாத்தான் போடணும். ஆனா மொத ஆளாப் போடணும்" என்பார். அவர் கண்ணை மூடி வருடங்கள் ஆகியும் அந்த முதல் வெடி ஒரு தடவை கூடத் தவறியதில்லை. மேலே கிராமத்தில் தொலைக்காட்சி இல்லாத வீட்டுக்காரர்கள்கூட, சுரேந்திரன் முதலாளியின் வெடிச் சத்தம் கேட்டால் இலங்கை வென்றுவிட்டது என்று எழுந்து கைதட்டுவார்கள்.

முதல் சட்டம் உடைந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஹுஸைன் நானாவின் தேத்தண்ணிக் கடையில்.

இந்தியா டெஸ்ட் தொடருக்கு வருகிறது. அன்று மத்தியானம் இலங்கை அணியை அறிவிக்கப் போகிறார்கள். சந்தியே அடுப்பில் வைத்த பால் மாதிரிப் பொங்கிக்கொண்டிருந்தது. காரணம் மினுர. மேல் கிராமத்துப் பையன், இடதுகைச் சுழல்பந்துக்காரன். தகப்பன் இல்லாத பிள்ளையைத் தாய் குசுமலதா, தனக்கு இருந்த கொஞ்ச றப்பர் மரத்தில் பால் வெட்டியே ஆளாக்கிவிட்டாள். இப்போது கொழும்புக் கழகத்துக்கு ஆடுகிறான். உள்ளூர்ப் போட்டிகளில் விக்கெட்டை அள்ளியிருக்கிறான். அவனை எடுப்பார்களா மாட்டார்களா என்பதுதான் பேச்சு.

"மினுரவை எடுக்காவிட்டால் இந்தத் தேர்வாளர்களுக்குக் கண் இல்லை என்று அர்த்தம்" என்றான் பியல். சந்தியில் த்ரீவீல் ஓட்டுகிறவன். "அந்தப் பழைய ஆளுக்கு முழங்கால் போய்விட்டது. குனிந்து பந்து பொறுக்கவே ரெண்டு பேர் பிடிக்க வேண்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு முழுக்கச் சிங்களத்தில்தான். சுரேந்திரனுக்குத் தமிழை விடச் சிங்களம் சுலபமாக வரும் என்று சொன்னாலும் பிழையில்லை. அவரும் சிரித்துக்கொண்டு ப்ளேன்டியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அப்படியே குடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் மினுர பள்ளிக்கூடம் படித்த காலத்தில், தோட்டத்து மைதானத்தில் அவன் பந்துக்கு விக்கெட் காத்தவர் சுரேந்திரன். அந்தப் பந்து எங்கே விழும், எப்படித் திரும்பும் என்று அவருடைய கை விரலுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை மேல் அவருக்கு உயிர். உயிராக இருக்கிற விஷயத்தில் மனிதன் எத்தனை நேரம் பருப்பை அளந்துகொண்டிருப்பான்?

"இந்தத் தொடருக்கு வேண்டாம்" என்றார்.

எல்லாத் தலையும் திரும்பியது.

"அவன் பந்து காற்றில் நின்று வருகிறது. நம்ம ஆட்கள் அதில் ஏமாறுவார்கள். இந்தியாக்காரர்கள் இறங்கி வந்து அடிப்பார்கள். முதல் தொடரிலேயே அப்படி அடி வாங்கினால் பையனை ஒரேயடியாக ஒதுக்கிவிடுவார்கள். எத்தனை பிள்ளைகளை இப்படி முடித்திருக்கிறார்கள்? ஒரு வருடம் ஏ அணியில் போடட்டும். பந்தில் கொஞ்சம் வேகம் ஏறட்டும். அப்புறம் எடுத்தால் பத்து வருடம் ஆடுவான்."

நல்ல பேச்சுதான். வேறு எவன் பேசியிருந்தாலும் விவாதம் இன்னும் ஒரு மணி நேரம் சூடாக ஓடியிருக்கும். இப்போது ஓடவில்லை. பியல் கோப்பையை மேசையில் வைத்தான்.

"உங்களுக்கென்ன முதலாளி" என்றான். "இந்தியா வென்றாலும் சந்தோஷம்தானே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சுரேந்திரனும் சிரித்தார். மற்ற யாரும் சிரிக்கவில்லை. வெளியே பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அவருக்கு வெங்காய வாசம் வந்தது.

காசைக் கொடுத்துவிட்டு வெளியே இறங்கியவரை ஹுஸைன் நானா பின்னாலேயே வந்து பிடித்துக்கொண்டார். தமிழில், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என்ன மொதலாளி, ஒங்களுக்குப் புத்தி ஈக்கிதா? நம்மள மாதிரி ஆளுகளுக்கு ஏன் இந்தப் பேச்சு? நான் அந்தக் கடையில முப்பது வருசமா தேத்தண்ணி மட்டுந்தான் ஊத்துறேன்."

"வாய் தவறிப் போச்சு நானா."

"டீம்ல அந்தப் புள்ள பேரு வரட்டும்னு துஆ கேளுங்க. வந்துட்டா எல்லாரும் மறந்துருவாங்க."

சுரேந்திரன் கடைக்கு வந்து உட்கார்ந்தார். தினமும் வெற்றிலைக்கு வருகிற கிழவர் அன்று வரவில்லை. பியலின் த்ரீவீல் கடை முன்னால் மெதுவாகப் போய், திரும்பி, மறுபடியும் மெதுவாக வந்தது. ஆள் தேடி இப்படி ஓட்டுவது அவன் வழக்கம்தான். பயந்தவனுக்கு வழக்கம் எல்லாம் எங்கே ஞாபகம் இருக்கிறது?

மனைவி சுகந்தினியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற பையை எடுத்துத் திறந்து பார்த்துவிட்டு, திரும்ப மாட்டினாள். கடை உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், தாலிக்கொடி தவிர்ந்த நகை, ஒரு மாற்றுப் புடவை. ருவான்வெல்லையில் இருந்து கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் அவளுக்குக் காட்டிய முதல் பொருள் அந்தப் பைதான். அப்போது அவள் சிரித்தாள். சிரித்தாலும் அந்தப் பை ஒருநாளும் ஆணியை விட்டு இறங்கவில்லை.

"இன்னைக்கிக் கோயில்ல காப்புக்கட்டுல்ல?" என்றாள் திடீரென்று.

சுரேந்திரன் சட்டென்று எழுந்தார்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் வெடி எப்போதும் சுரேந்திரன் குடும்பத்து உபயம். மற்ற வருடங்களில் தேர் அன்றைக்கு மட்டும் போடுவார்கள். இந்த வருடம் மகள் தனுஜாவுக்குக் கொழும்பில் வேலை கிடைத்ததற்காக, காப்புக்கட்டு அன்றைக்கே நீளச் சரம் போடுவதாக நேர்த்தி. போன வாரமே பெட்டியோடு கொடுத்தனுப்பியாகிவிட்டது. அந்திக்கு ஐயர் காப்புக் கட்டியதும் வெடிக்கும். அறிவிப்பில் மினுர பெயர் இல்லாமல் போய், அந்த நேரத்தில் சுரேந்திரன் முதலாளியின் வெடியும் வெடித்தால்? காலையில் அந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொன்ன வாய். அந்தியில் அதே ஆளின் வெடி. விளக்கம் கேட்க எவன் நிற்பான்?

தோட்டத் தலைவர் இராமையாவுக்குப் போன் போட்டார். கோயில் வேலை எல்லாம் அவர் பொறுப்பில்தான்.

"அண்ணே, இன்னைக்கி வெடி வேணாம்ணே. தேர் அன்னைக்கிச் சேத்துப் போட்டுக்கலாம்."

"என்னாங்க மொதலாளி இப்புடிச் சொல்றீங்க? நேர்த்தி வச்சுட்டு வேணாம்னா ஆத்தா சும்மா விடுவாளா?"

"இல்லண்ணே, ஊருக்குள்ள இன்னைக்கி நெலம ஒரு மாதிரி..."

"என்னா நெலம? அம்மனுக்குப் போடுற வெடிக்குமா இனி கிரிக்கெட் டீம் வர்றதப் பாக்கணும்?"

காலைப் பேச்சு தோட்டத்து மலைக்கும் போய்விட்டது என்று அதிலிருந்தே தெரிந்தது. சுரேந்திரன் வானத்தைப் பார்த்தார். "மழை பெய்ஞ்சா விட்டுருங்கண்ணே" என்றார்.

"அதப் பத்திக் கவலப்படாதீங்க. வெடிய நனையாம அம்மன் அறையிலேயே வச்சுப் பூட்டியிருக்கேன்!"

நல்ல மனிதர். அவர் நல்லவராக இல்லாமல் இருந்திருக்கலாம் என்று சுரேந்திரன் அன்றைக்கு ஆசைப்பட்டார்.

மத்தியானம் வரவேண்டிய அறிவிப்பு வரவில்லை. பின்னேரம் வரும் என்றார்கள். பின்னேரம் வந்தது மழை. சப்ரகமுவ மழை சொல்லிக்கொண்டு வராது. இடி ஒன்று விழுந்து கரண்ட் போனது, அதோடு போன் சிக்னலும் போய்ப் போய் வந்தது. சந்தியில் ஆட்கள் கடை ஓரங்களில் ஒதுங்கி நின்று போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுரேந்திரன் ஜன்னல் ஓரத்தில் நின்றார். ஒரு கணம் சிக்னல் எட்டிப் பார்த்தது. தனுஜாவின் செய்தி விழுந்தது.

*டீம் வந்துருச்சுப்பா. மினுர இல்ல.*

அடுத்த கணம் சிக்னல் செத்தது.

அவருக்கு முதலில் வந்தது பயம் இல்லை, அழுகை. அதைச் சொல்லியாக வேண்டும். தான் சொன்னபடி நடந்ததில் சந்தோஷப்பட்டிருக்கக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் பதினாறு வயது முகம், விக்கெட் விழுந்ததும் கையை விரித்துக்கொண்டு அவரிடம் ஓடி வருகிற முகம், கண்ணுக்குள் வந்து நின்றது. நேற்று வரை தான் ரகசியமாக என்ன வேண்டிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கே விளங்கியது.

அந்த அழுகை முடிவதற்குள் மழை விட்டது. மழை விட்டதும் மலையில் வெடித்தது.

சாதாரணச் சரமா அது? நேர்த்திச் சரம். தோட்டமே அதிர்கிற மாதிரி வெடித்துக்கொண்டே போனது. நனைந்த மலைகள் சத்தத்தை வாங்கி ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொண்டன. முடிந்துவிட்டது என்று நினைத்தபோது இராமையா இரண்டாவது சரத்துக்கும் நெருப்பு வைத்தார்.

"ஆத்தா, போதும்டி" என்றாள் சுகந்தினி, சுவரைப் பார்த்து.

பிறகு அமைதி. பிறகு மேல் கிராமத்துப் பக்கமிருந்து ஒரு கூச்சல். ஒரு ஆளின் கூச்சல் இல்லை, பல பேருடையது. மங்கல் வெளிச்சத்தில் டார்ச் விளக்குகள் வளைவில் இறங்கி வந்தன. த்ரீவீல் ஒன்று ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டு முன்னால் வந்தது. அது பியலுடையது என்று சுரேந்திரனுக்குத் தெரியும்.

ஷட்டரை இழுத்தார். பாதி வந்து வழக்கம்போலச் சிக்கிக்கொண்டது. சுகந்தினி வந்து தொங்கினாள். இரண்டு பேருமாகத் தரையில் அறைந்து பூட்டினார்கள். கடைக்குள் கும்மிருட்டு. மெழுகுவர்த்தி ஒன்றைப் பற்ற வைத்து, வேண்டாமென்று அவரே அணைத்தார். சுகந்தினியின் தோளில் பை ஏறிவிட்டது.

"நீ பின்னால போ. றப்பர் மலையால ஏறித் தோட்டத்து லயத்து வீட்டுப் பக்கம் போயிரு."

"நீங்க?"

"நான் பேசிப் பாக்குறேன்."

"காலையில பேசினது பத்தலையா?" என்றாள். அன்றைக்கு அவள் திட்டியது அது ஒன்றுதான். அவள் போகவும் இல்லை. அவருடைய சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஷட்டரில் கைகள் அறைந்தன. தகரம் முழுக்கக் கடைக்குள் இடித்தது. "முதலாலி! முதலாலி! தொர அரின்ன!" கதவைத் திற, கதவைத் திற என்று ஆணும் பெண்ணுமாகக் குரல்கள். சுரேந்திரன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நிற்பதை உணர்ந்தார். ஐம்பது வயதுக்காரர். கையில் என்ன வாசம் என்று சொல்ல வேண்டியதில்லை.

திறக்காவிட்டால் உடைப்பார்கள். உடைத்தால் கொளுத்துவார்கள். திறந்தால் ஒருவேளை நாலு அடியோடு போய்விடும். அவர் கணக்கு அவ்வளவுதான். குனிந்து பூட்டை எடுத்தார். மூன்று தடவை சாவி தவறியது. ஷட்டர் இடுப்பு உயரத்துக்கு ஏறி மறுபடி சிக்கிக்கொண்டது. அதற்குக் கீழே டார்ச் வெளிச்சத்தில் அவர் முதலில் பார்த்தது, வாழையிலை மூடிய ஒரு பெரிய தட்டை.

தட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே வந்தவள் குசுமலதா. மினுரவின் தாய். மழையில் நனைந்த தலை, முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். பின்னால் பியலும் மற்றவர்களும் குனிந்து குனிந்து வந்து, கடை நிறைய நின்றார்கள்.

"பாற்சோறு முதலாளி, நல்ல செய்திக்கு" என்றாள் சிங்களத்தில், மூச்சு வாங்க. "காலையிலேயே ஆக்கி மூடி வைத்துவிட்டேன். செய்தியைக் கேட்கப் பயந்துகொண்டு போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். யாரையும் எதுவும் சொல்ல விடவில்லை. உங்கள் வெடிச் சத்தம் கேட்டுத்தான் பானையைத் திறந்தேன். சிக்னல் இல்லை. சிக்னல் எதற்கு? உங்கள் வெடி எப்போதாவது பொய் சொல்லியிருக்கிறதா?"

சுரேந்திரன் சுகந்தினியைப் பார்த்தார்.

"காலையில் நீங்கள் வேண்டாம் என்று சொன்னதாகப் பியல் வந்து சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் பந்தை உங்களை விட யாருக்குத் தெரியும்? நீங்களே இப்படி வெடி போடுகிறீர்கள் என்றால், என் பிள்ளை உள்ளே வந்துவிட்டான் என்றுதானே?"

பியல் முன்னால் வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினான். "காலையில் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் முதலாளி. வாய்த் துடுக்கு."

இத்தனை நேரம் பயந்த பயம் எல்லாம் சும்மா என்று தெரிந்தது. இப்போது புதிதாக ஒரு பயம் பிடித்தது. அடிப்பார்கள் என்ற பயத்துக்காவது ஓட ஒரு பின்வாசல் இருந்தது. இந்தப் பயத்துக்கு எந்த வாசலும் இல்லை. அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஒரு வாய் பாற்சோறு வாங்கித் தின்றாலும், சிக்னல் வரும்போது அவர் எந்த மண்ணுக்குள் போய் ஒளிவார்?

"அக்கே" என்றார்.  இருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "அக்கே, என் மகள் செய்தி அனுப்பினாள். மினுர பெயர் இல்லை."

டார்ச் வெளிச்சம் ஒன்று கூரைக்குப் போனது. யாரோ "ஆ?" என்றார்கள். குசுமலதாவின் சிரிப்பு உடனே போகவில்லை. போக வேண்டும் என்று அதற்குத் தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது.

"அப்போ வெடி?"

"கோயில் காப்புக்கட்டு. மகளுக்காக வைத்த நேர்த்தி. காலையிலேயே போட வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. பிள்ளைக்காகப் போடவில்லை அக்கே. அவன் இல்லை என்றும் போடவில்லை. அம்மன் சத்தியமாக."

பியல் கையை விட்டான். பின்னால் யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். சுரேந்திரன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

குசுமலதா தட்டோடு கோதுமை மா மூட்டை மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. இருட்டுக் கடையைச் சுற்றிப் பார்த்தாள். இடுப்பளவில் சிக்கி நிற்கிற ஷட்டர். தரையில் கிடக்கிற பூட்டு. புகைந்துகொண்டிருக்கிற மெழுகுவர்த்தித் திரி. சுகந்தினி. சுகந்தினியின் தோளில் கிடக்கிற பை.

"சந்தியில் எல்லாக் கடையும் திறந்திருக்கிறது" என்றாள் மெதுவாக. "நீங்கள் ஏன் பூட்டினீர்கள்?"

சுரேந்திரன் பருப்பு மூட்டையைப் பார்த்தார். நாற்பது வருடமாக அந்த மூட்டைதான் அவரைக் காப்பாற்றியது.

"எங்களுக்கா பயந்தீர்கள்?"

பொய் சொல்லியிருக்கலாம். மழை, கரண்ட் இல்லை, கள்ளர் பயம் என்று வாய்க்கு எத்தனையோ வந்தது. அன்று காலையில் ஒரு உண்மையைச் சொல்லித்தான் இந்தப் பாடு. ஆனாலும் அவளிடம் பொய் வரவில்லை.

"ஆமாம் அக்கே" என்றார்.

 பியல் தலையைக் குனிந்துகொண்டான். குசுமலதா வாழையிலையை விலக்கினாள். சோறு இன்னும் கெட்டியாக, வெள்ளையாக, சாய்சதுரமாக வெட்டியபடி இருந்தது. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து சுகந்தினியிடம் போனாள். "சாப்பிடுங்கள் நங்கி, வைத்தால் புளித்துவிடும்" என்று தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டு நீட்டினாள். அப்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது.

சுகந்தினி கணவனைப் பார்த்தாள். பிறகு ஷட்டருக்குக் கீழே தெரிந்த, வெளியே நின்றவர்களின் கால்களைப் பார்த்தாள். வலது தோளில் இருந்த பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நீட்டிப் பாற்சோற்றை வாங்கினாள்.

பையை அவள் கீழே வைக்கவில்லை. குசுமலதா அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.